கப்பு அடிச்சோம்

இன்று காலை கம்பெனி வேன் கொடுங்கையூர் திருப்பத்தில் நின்றபோது குப்பைமேட்டுக் காற்று உள்ளே புகுந்தது. பின் சீட்டில் யாரோ, "இன்னாபா இந்தக் கப்பு அடிக்குது, ஜன்னல சாத்து" என்றார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். நீ ஏறுகிற இடம் அது. வேறொருவர் ஏறி உன் சீட்டில் உட்கார்ந்தார்.

நம் பக்கம் கப்பு என்றால் நாற்றம். கோப்பைக்கும் கப்பு என்றுதான் பேர். நாற்றமும் அடிக்கும், கோப்பையும் அடிப்பார்கள். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே உன்னை எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாய், நான் கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதினேன். ஒரு நாள் மெரூன் கலர் ஜெர்சி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாய். பிளாட்பாரத்தில் ஃபாரின் பழைய துணி விற்பவரிடம் உன் மனைவி எடுத்தது. அவருக்குக் கலர் பிடித்திருந்தது, அவ்வளவுதான். நெஞ்சில் இருந்த சின்னம் எந்த கிளப்புடையது என்று நீ போனில் தேடினாய். அன்றோடு இங்கிலாந்தில் ஏதோ ஒரு மழை ஊரின் ஃபுட்பால் கிளப் உன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பார்ப்பதுதான் பார்க்கிறாய், ஜெயிக்கிற டீமாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். "சட்டைய மாட்டிக்கினேன் மாமு, இனிமே எங்க கழட்றது" என்றாய்.

பழம்பெருமைக்குக் குறைவில்லாத கிளப் அது. லீக் என்ற ஒன்று தொடங்கிய காலத்திலேயே ஆடியவர்கள். சாம்பியன் பட்டமும் உண்டு, நாக் அவுட் கோப்பையும் உண்டு. என்ன, எல்லாம் கறுப்பு வெள்ளைக் காலத்துச் சங்கதி. முறுக்கு மீசையும் முழங்கால் வரை டிரவுசருமாக நின்றுகொண்டு கோப்பையைப் பிடித்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் படங்களைக் காட்டி, "இது நாம மூணாவது வாட்டி அடிச்சது" என்பாய். அப்போது உன் அப்பாவே பிறந்திருக்க மாட்டார். அதில் எங்கிருந்து வந்தது "நாம"? நான் "உங்க ஆளுங்க" என்றுதான் சொல்வேன். தோற்றால், உங்க ஆளுங்க ஊத்திக்கினாங்க. ஜெயித்தால் காதில் விழாதது போல் இருந்துவிடுவேன்.

"ஊர்லயே பழைய ஸ்டேஷன் நம்ம ராயபுரம், கிட்டத்தட்ட அந்த வயசு மாமு அந்த கிளப்புக்கு" என்று ஒரு முறை வேனில் பெருமையடித்தாய். அதனால்தான் ராயபுரம் மாதிரியே அங்கேயும் பெரிய வண்டி எதுவும் நிற்பதில்லை என்றேன். வேனே சிரித்தது. நீ முறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அடுத்த ஆட்டத்தில் கிளப் ஜெயித்ததும் நீயாகவே வந்து பேசினாய்.

உனக்கு ஆசை ஒன்றுதான். மீசைக்காரர்கள் அடித்ததெல்லாம் இருக்கட்டும், நீ பார்க்க, கலரில், ஒரு கப்பு. "ஒண்ணே ஒண்ணு பாத்துட்டா போதும் மாமு" என்றாய். அன்றைக்கு நான் கிண்டல் செய்யவில்லை. அதற்குள் உனக்கு விடாத இருமல் வந்திருந்தது.

அந்த கிளப் ஒரு கோப்பையின் ஃபைனலுக்கு வந்தபோது நீ ஆஸ்பத்திரியில் கிடந்தாய். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படபடப்பு ஆகாது என்று உன் மனைவி போனை வாங்கி வைத்துக்கொண்டார். சரி, நீ பார்க்காவிட்டால் நானாவது பார்க்கிறேன் என்று அந்த ஆட்டத்தின் முன்னால் உட்கார்ந்தேன். யார் எப்படி ஆடினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கடைசி விசில் வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் காலை வார்டுக்கு வந்தேன். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். பேச முடியாமல் புருவத்தை மட்டும் தூக்கினாய். உங்க ஆளுங்க அடிச்சிட்டாங்க என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"கப்பு அடிச்சோம் மாமு."

பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸம்மாவுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. "இப்பத்தான் பினாயில் போட்டுத் தொடச்சிட்டுப் போனாங்க, உங்களுக்கு இன்னா கப்பு அடிக்குது?" என்று கேட்டார். நீ சிரித்தாய். மாஸ்க் முழுக்க ஆவி படர்ந்தது. உன் மனைவி பயந்துபோய் ஓடி வந்தார். ஒன்றுமில்லை என்று அவருக்குக் கையைக் காட்டினாய். பிறகு உன் நெஞ்சைத் தொட்டு, விரலை என் பக்கம் நீட்டினாய். நீ பிடித்துவிட்டாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் "அடிச்சாங்க" என்று சொல்லவில்லை, "அடிச்சோம்" என்று சொல்லியிருந்தேன்.

அந்த மாதமே நீ போய்விட்டாய். ஜெர்சியை உன் மனைவி உனக்கே போட்டு அனுப்பினார். சொன்னபடி நீ கழட்டவில்லை.

வேன் குப்பைமேட்டைத் தாண்டும்வரை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். நான் பொத்துவதில்லை. ஏன் என்று அவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உன்னிடம் சொல்ல வேறொரு சேதி இருக்கிறது. போன சனிக்கிழமை தோற்றுவிட்டோம், மாமு.