சத்தத்தை நிறுத்திவிட்டு முடித்த பயிற்சி

என் தேவகி அக்காவுக்கு,

மழை முடிந்து மரக்காணம் உப்பளத்தில் மறுபடி வேலை தொடங்கிவிட்டது. நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. நம் நூலகத்தில் மின்விசிறி மாற்றிவிட்டார்கள், இப்போது சத்தம் போடுவதில்லை. பாருங்கள், சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் மேசைக்குப் பின்னால் லேமினேஷன் போட்டு ஒரு சான்றிதழ் மாட்டியிருந்தேனே, அது நான் படித்து வாங்கியதல்ல அக்கா. நூலகர்களுக்கான ஆன்லைன் பயிற்சி அது. செல்போனைச் சாய்த்து வைத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். நான் பாட்டுக்குப் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். தேர்வுக்கான விடைகள் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்துவிட்டன. முழு மதிப்பெண்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் நீங்கள் அதன் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். வருஷக்கணக்காக உப்புப் பாத்தியில் வெயிலில் கூசிய கண்கள், எழுத்து பிடிபடவில்லை.

"இன்னா எழுதியிருக்குது தங்கச்சி? படிச்சிக் காட்டேன்."

என் பெயரைப் படித்தேன். பயிற்சியின் பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். 'பார்வை குறைந்த வாசகர்களுக்கான நூலகச் சேவை' என்று உங்கள் முகத்துக்கு நேரே எப்படிப் படிப்பது?

"கண்ணு மங்கிப் போனவங்க படிக்கிறதுக்கு ஏதனா வழி இருக்குதா?"

"அதெல்லாம் பெரிய ஊரு லைப்ரரிலதான்க்கா இருக்கும்."

தெரியாது என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பாதி படித்த நாவலை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அப்புறம் நீங்கள் வரவேயில்லை. காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்ற சேதிதான் வந்தது.

போன மாதம் விழுப்புரத்தில் நேரடிப் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்த பெண்ணுக்குப் பார்வை கிடையாது. தன் செல்போனைப் புத்தகத்தின் மேல் பிடித்தார், அது கணீரென்று தமிழில் படித்தது. என்னிடமும் உங்கள் வீட்டிலும் இருப்பது அதே மாதிரி போன்தான்.

"ஆன்லைன் பயிற்சியிலயே இதக் காட்டினோமே, யாருக்காவது செஞ்சு குடுத்தீங்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குத் தெரியப்போவதில்லை, இருந்தும் குனிந்தேன்.

போன வாரம் உங்கள் மகள் மல்லிகா உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தர வந்தாள்.

"எங்கம்மா உங்களப் பத்தி ரொம்பப் பெருமையா சொல்லும் மேடம். வேலைக்கு வந்தப்புறமும் படிச்சினே இருக்காங்கன்னு."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட அவள் தாளோடு ஒட்டிக் குனிந்தாள். அவளும் உப்பளத்தில்தானே வேலை செய்கிறாள் அக்கா.

வெட்கமாக இருக்கிறது. மன்னிப்புக் கேட்க நீங்கள் இல்லை என்பது எனக்கு வசதியாகிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, மல்லிகா வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் போகிறேன். நான் செய்ததை முதலில் சொல்லிவிட்டுத்தான் போனைக் கையில் எடுப்பேன். அவள் துரத்திவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன்.

இன்னும் அந்த உறவுக்குத் தகுதி உண்டா என்று தெரியாத,
உங்கள் தங்கச்சி
சுமதி