ஏலத்தன்று காய்ச்சிய பால்

அக்கா,

இன்று உன் பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தும் அடியில் அந்தத் தீய்ந்த பால் வாடை போகவில்லை. போகாமல் இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். நீ கண்ணை மூடிய பிறகு, "சின்னம்மா, அம்மா ஞாபகமா எதுனா எடுத்துக்கோ" என்றான் உன் மகன். யோசிக்காமல் இதைத்தான் கேட்டேன்.

சுதந்திரம் வந்த சூட்டில் நம் தெருவே கிருஷ்ணகிரி பாங்கில் பத்திரத்தை வைத்து, கூரையைப் பிரித்து ஓடு போட்டது. அப்புறம் மழை ஏமாற்றியது. கிணறு வற்றி, மாடுகள் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயின. பாதி விலை சொன்னாலும் வீடு வாங்க ஆளில்லை. தவணை நின்றதும் எல்லார் வீட்டுக்கும் நோட்டீஸ் வந்தது.

அவகாசம் கேட்டு, பாங்கை நடத்தும் ஏஜெண்டிடம் போனோம். ஆண்கள் துண்டைக் கையில் பிடித்தபடி வாசலோடு நின்றுவிட்டார்கள். அடுத்தடுத்த வீட்டுக்காரிகள் நாம் இருவரும் உள்ளே போனோம்.

"உங்க வீடுங்க இப்ப வாங்கின கடனுக்கே பெறாதம்மா" என்றார் அவர்.

"விலை எறங்குனது உங்க கணக்குலங்க. எங்க ஊடு நேராத்தான் நிக்குது. கடன இல்லன்னு சொல்லல. அடுத்த வெள்ளாமை வரைக்கும் டைம் குடுங்க" என்றாய்.

அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். வாய் திறந்த குற்றத்துக்கோ என்னவோ, முதல் ஏலம் உன் வீட்டுக்குத்தான் வந்தது. அடுத்தது என்னுடையது.

ஏலத்தன்று காலையில் நான் அழுதுகொண்டு வந்தேன். "அழுவாத. போய் பசும்பாலு வாங்கியா" என்றாய். எனக்கு உன் புத்திமேல் சந்தேகமே வந்துவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் வாசலில் மாவிலை கட்டி, கோலம் போட்டு, நடுவீட்டில் செங்கல் அடுப்பு மூட்டியிருந்தாய். பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் கட்டியிருந்தது. பால் பொங்கி நெருப்பில் வழிந்தது.

தமுக்கோடு கோர்ட்டு அமீனா வந்தார். பின்னாலேயே ஏலம் கேட்க வந்தவர்கள்: சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் ஒருவர், ஆனேக்கல் பக்கத்துக் கன்னட வியாபாரி, தெலுங்கு பேசும் மிராசுதார். "குடிங்கண்ணா", "ஹாலு குடீரி", "பாலு தாகண்டி" என்று ஆளுக்கேற்ற பேச்சில் டம்ளரை நீட்டினாய். வெயிலில் வந்தவர்கள், வாங்கிக் குடித்துவிட்டார்கள். அப்புறம்தான் தரகர் பாத்திரத்தின் மஞ்சளைப் பார்த்தார்.

"என்னாம்மா விசேசம்?"

"குடி வந்திருக்கறோம்ணா. பால் காச்சனோம். நீங்கல்லாம் வந்து வாழ்த்திட்டீங்க."

குடிபுகும் பாலைக் குடித்துவிட்டு அந்தக் குடியையே எழுப்புவதா? அமீனா கூவிக் கூவிப் பார்த்தார். தரகர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பாவம் எனக்கு வேணாம் சாமி" என்று செருப்பை மாட்டினார். மற்ற இருவரும் அவர் பின்னாலேயே போனார்கள். கடைசியில் அமீனாவும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சந்தை முழுக்கப் பேச்சு பரவி, மறுபடி போட்ட ஏலத்துக்கு ஆளே வரவில்லை. விற்க முடியாத வீட்டை வைத்துக்கொண்டு பாங்கு என்ன செய்யும்? அபராத வட்டியைத் தள்ளித் தெரு முழுவதற்கும் அவகாசம் கொடுத்தது. ஏஜெண்ட் தங்கமான மனிதர் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் எங்கே கொடுத்தார்? நீ வாங்கினாய்.

கடனை அடைத்து, சொந்த ஓட்டுக்கு அடியிலேயே நீ போய்ச் சேர்ந்தாய். இங்கே இந்த வருஷமும் மழை இல்லை. நேற்று கீழத்தெருவில் தமுக்குச் சத்தம் கேட்டது. தையல்காரர் வீடு நாளை ஏலம். அவர் மனைவி அழுதுகொண்டிருந்தாள். "அழுவாத" என்றேன். என் குரலில் நீ பேசியது எனக்கே கேட்டது.

இந்த வேலை இப்போது ஏலக்காரர்களுக்குத் தெரியும் என்கிறார்கள். தெரிந்தால் தெரியட்டும். குடிக்கமாட்டேன் என்கிறவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், தெரு முழுக்க நின்று பார்க்கும்.

விடிந்ததும் பால் வந்துவிடும். மஞ்சள் கட்டிவிட்டேன், அக்கா.