கடலில் இறங்கியது உண்மைதான்

லண்டன்
12 ஜூலை 1948

அன்புத் தங்கச்சி ரோசுக்கு,

அக்காவின் முத்தங்கள். நைனாவின் கண் புரை எப்படியிருக்கிறது என்று முதலில் எழுது.

நேற்று கடலுக்குப் போனேன். என்னோடு நர்ஸ் படிப்புப் படிக்கும் நோரா, அவள் அண்ணன், ஜமைக்காத் தீவிலிருந்து வந்த வினிபிரட், நான். சலுகை டிக்கெட் ரயில். விடிகாலைப் பூசை பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தோம். இங்கே இன்னும் ரொட்டிக்கு ரேஷன்தான். எல்லார் பங்கையும் ஒன்றாக்கி, ஜாம் தடவிப் பொட்டலம் கட்டிக்கொண்டோம். ஊர் பேர் பிரைட்டன். கரையில் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல். செருப்பைக் கழற்றினால் கால் துள்ளுகிறது.

டீ குடிக்க ஒரு கடைக்குள் நுழைந்தோம். பாதி மேசை காலி. கடைக்காரி என்னையும் வினிபிரட்டையும் பார்த்துவிட்டு "இடமில்லை" என்றாள். வினிபிரட் வெளியே வந்து, அந்தக் கடை ஜன்னலுக்கு நேரெதிரே துண்டை விரித்து உட்கார்ந்தாள். நாங்களும் உட்கார்ந்தோம். ரொட்டி தீரும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். ஐஸ் மாதிரி குளிர். ஒரு அலை வந்து முட்டியை மடக்கித் தள்ளிவிட்டது. தலை முதல் கால்வரை நனைந்து எழுந்து நின்று சிரித்தேன். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படிச் சிரித்ததே இல்லை, ரோசு.

கரையில் படம் பிடிக்கிறவர் எங்கள் நாலு பேரையும் எடுத்து, சாயங்காலத்துக்குள் கழுவியும் கொடுத்துவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவிடம் காட்டு.

உன் அக்கா,
இருதயமேரி


செஞ்சி
28 ஜூலை 1948

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா ஆசை ஆசையாக அந்தப் படத்தை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்குத்தான் திண்டிவனத்திலிருந்து என்னைப் பேசி முடிக்க வந்தார்கள். மாப்பிள்ளை பேர் தேவசகாயம். அவருடைய சித்தப்பா பால்சாமிதான் படத்தைக் கையில் எடுத்தார்.

"இன்னாங்க இது? ஈரச் சேலையோட பொண்ணு நிக்குது, பக்கத்துல வெள்ளக்கார ஆம்பள. பெரியவளே இப்படின்னா சின்னவள எப்பிடி நம்பறது?"

மல்லாட்டைக் கடலை மண்டியில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற நைனா, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். என்னால் பார்க்க முடியவில்லை.

செய்தது தப்பு என்று நீ உன் கையால் எழுத வேண்டுமாம். எழுதினால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "கன்னியாஸ்திரீங்க கூடப் போனேன், கால் தவறி தண்ணில விழுந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு எழுதச் சொல்லு" என்கிறார் நைனா.

நாலு வரிதான் அக்கா. எனக்காக எழுது. நீ அங்கே சிரித்துவிட்டாய். அதற்கு இங்கே பேச்சுக் கேட்பது நான்.

உன் தங்கை,
ரோஸ்மேரி


லண்டன்
8 ஆகஸ்ட் 1948

ரோசு,

எழுத மாட்டேன்.

கடலில் இறங்கியது உண்மைதான். என்னை யாரும் தள்ளிவிடவில்லை, கால் தவறவும் இல்லை. நானாக இறங்கினேன். நோராவின் அண்ணன் டிராம் ஓட்டுகிறவர். படம் எடுக்கும்போது என் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான். இதில் மன்னிப்புக் கேட்க என்ன இருக்கிறது?

தப்பில்லாததைத் தப்பு என்று ஒரு தரம் எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதம் அவர்கள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். நீ சத்தமாகச் சிரித்தால் எடுத்து நீட்டுவார்கள். குழம்பில் உப்புக் கூடினாலும் நீட்டுவார்கள். வேறு எது வேண்டுமானாலும் கேள், செய்கிறேன். இதைக் கேட்காதே.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த லீவில் மறுபடி கடலுக்குப் போகிறேன். நைனாவிடமும் சொல்.

இருதயமேரி


செஞ்சி
30 ஆகஸ்ட் 1948

அன்புள்ள அக்கா,

பிடித்துத்தான் இருந்தது. எழுத வெட்கமாக இருந்தது.

உன் கடிதத்தில் இருந்ததை நைனாவிடம் சொன்னேன். "அவங்க வரும்போது நீ மாத்திப் படிச்சிடு. எனக்குக் கண்ணு தெரியலன்னு அவங்களுக்கும் தெரியும், நீ படிச்சா சந்தேகப்பட மாட்டாங்க" என்றார். நானும் சரி என்றேன். மன்னிப்பு வரிகளை மனசுக்குள் சொல்லிக்கூடப் பார்த்து வைத்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். "பெரியவ எழுதிட்டா. படிம்மா" என்றார் நைனா. எழுந்து நின்றேன். காகிதத்தைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது "எழுத மாட்டேன்". உன் கையெழுத்தில் பார்த்ததும் என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அதையே படித்தேன். உப்புக் கூடினாலும் நீட்டுவார்கள் என்பதுவரை, நிறுத்தாமல் படித்தேன்.

பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். அக்கா, நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சித்தப்பா முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவருக்குப் பின்னாலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அழுகை வரவில்லை.

நைனா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும், நான் எதிரில் நிற்கும்போதே அம்மாவிடம்தான் கேட்கிறார். நானும் அம்மாவிடமே பதில் சொல்கிறேன். விழுப்புரத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அதையும் நைனா காதில் விழும்படி அம்மாவிடம் சொன்னேன்.

"அவ இஷ்டம்னு சொல்லு" என்றார்.

கோபமாகத்தான் சொன்னார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் தங்கை,
ரோஸ்மேரி