நம் வீட்டு முறை வந்த நாள்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி முஆஸுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது.

முன்பள்ளியில் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டை உம்மாமார் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோவார்கள். திங்கட்கிழமை நம் வீட்டு முறை. பயறு அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொண்டுபோனேன். முந்தல் ஊரிலிருந்து வந்திருக்கும் புது டீச்சர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, இந்த வயசிலயே பிள்ளையா? ஏன் இப்படி அவசரப்பட்டீங்க?" என்று கேட்டார்.

முஆஸ்தான் ஓடிவந்தான். "இது உம்மா இல்ல, எங்கட ராத்தா. உம்மா குவைத்தில!"

"அப்ப அக்கா எந்த ஸ்கூல்?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்கட நேர்சரிதான். என்னோடதான் வார, என்னோடதான் போற!"

மற்ற உம்மாமார் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. நீங்கள் பயணம் போனதும் தம்பியைப் பார்க்க நான் எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியதைச் சொன்னேன். "திரும்பிச் சேரலாம், வீட்டில கேளுங்க" என்றார். வாப்பா உங்களிடம் கேட்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு வருடம் அங்கே இருக்கப் போகிறீர்களாம். இருங்கள் உம்மா, வீட்டுக் கூரை வேலை முடியட்டும். ஆனால் ஜனவரியில் முஆஸ் முதலாம் ஆண்டுக்குப் போகிறான், நான் படித்த அதே பள்ளிக்கூடத்துக்கு. அவனை வாசலில் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பிவர எனக்கு விருப்பமில்லை.

உங்கள் மூத்த மகள்