பாப்பா அழுத காட்சி

மார்ச் 4, செவ்வாய்

காலை ட்ரிப் முடிந்து, பள்ளி வேனைக் கழுவி நிறுத்திவிட்டு முடி வெட்டப் போனேன். எனக்கு இருப்பது காதோரம் மட்டும்தான். மீதித் தலைக்குச் சலூன்காரர் கத்தரியைச் சும்மா காற்றில் ஆட்டுவது என் மரியாதைக்காக. சலூனில் வழக்கம்போல் சினிமாப் பேச்சு. பனி கொட்டுவது சோப்பு நுரை, இடி இடிப்பது தகரத் தட்டு என்று அவர் அடுக்க, நானும் என் பங்கை எடுத்துவிட்டேன். அந்தப் பழைய படத்தின் ரயிலடிக் காட்சியில் கொட்டுகிற மழை நான் ஓட்டிய லாரித் தண்ணீர். அதில் நனைந்து அழுகிற குழந்தை என் மகள். தியேட்டரே தேம்பிய அழுகை.

"அண்ணே, இதை நீங்க சொல்லாம நான் உங்களுக்கு ஒரு தடவையாவது முடி வெட்டியிருக்கேனா?" என்றார். படம் மறுபடி வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் டிவியில் தோன்றி யாருக்கும் தெரியாத விஷயங்களைச் சொல்லப்போகிறாராம்.

அந்தப் படத்தில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

இருந்திருக்கிறது.

மகள் கைக்குழந்தையான பேரனோடு வந்திருந்தாள். எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். நான் நடு நாற்காலியில், மாப்பிள்ளை மாதிரி. டைரக்டர் கால்மேல் கால் போட்டுச் சொன்னார்:

"அந்தக் குழந்தை அழவே மாட்டேன்னுடுச்சு. யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அப்பன் தண்ணி லாரி டிரைவர், பக்கத்துலயே நின்னு விளையாட்டுக் காட்டிக்கிட்டிருந்தான். இன்னொரு லோடு எடுத்துட்டு வாய்யான்னு அவனை அனுப்பிட்டு, உள்ளங்கால்ல ஐஸ் கட்டியை அழுத்திப் பிடிச்சோம். ஒரே டேக்."

நிகழ்ச்சி நடத்துகிற பெண் வாயைப் பொத்திச் சிரித்தது. கூட்டம் கை தட்டியது.

கை தட்டினார்கள்!

அன்றைக்கு லாரியில் பாதித் தண்ணீர் இருந்தது. பாதி இருக்கும்போது எதற்கு லோடு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பினேன். திரும்பி வந்தபோது எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என்னமா அழுதுச்சுய்யா உன் பொண்ணு என்றார்கள். நானும் பல்லைக் காட்டினேன். எட்டு மாதக் குழந்தைடா அது.

மகளுக்கு வேடிக்கையாக இருந்ததாம். "அப்பா, என் பாதம் வரலாறு ஆயிடுச்சு" என்றாள். டிவியை அணைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

மனைவிக்குத் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரியும். அந்தக் காட்சி எடுத்தபோது அவளை மேக்கப் அறையில் உட்கார வைத்துவிட்டார்களாம். "சாயங்காலம் பார்த்தேன், கால் செவசெவன்னு இருந்துச்சு. சொன்னா நீங்க போய்ச் சட்டையைப் பிடிப்பீங்க. இருந்த ஒரு வேலையும் போயிடும்."

நான் ஒவ்வொரு விருந்தாளியிடமும் பீற்றிக்கொண்டபோது இவள் பக்கத்தில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். யார் மேல்தான் கோபப்படுவது? இன்று வீட்டில் சாப்பிடவில்லை. (பேக்கரியில் தின்ற பன் சாப்பாட்டில் சேராது.)

மார்ச் 13, வியாழன்

டைரக்டர் ஆபீசுக்குப் போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் வழிநெடுக வேனில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சிக்னலில் பக்கத்துக் கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கிழவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. "வாய்யா லாரி!" என்று எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "உன் பொண்ணு அழுத அழுகைதான்யா படம். நல்லாத்தானே இருக்கா?"

நல்லாத்தான் இருக்கா சார் என்றேன். அவ்வளவுதான் வந்தது. சண்டை போடப் போனவன் கையெழுத்துப் போட்ட போஸ்டரோடு வெளியே வந்தேன். நன்றி வேறு சொன்னேன் என்று நினைக்கிறேன். தூ.

மார்ச் 19, புதன்

அந்த டிவிப் பெண் மகளைத் தேடிப் பிடித்துவிட்டது. படம் மறுபடி வருகிற நேரத்தில் அதே ரயிலடி, அதே மழை போட்டு அதே காட்சியை எடுக்கப்போகிறார்களாம். என் பேரனை வைத்து. இவள் சரி என்றுவிட்டாள்.

கத்தினேன். அவளும் விடவில்லை. "நான் கூடவே இருப்பேன்ப்பா. இந்தக் காலத்துல ஐஸெல்லாம் யாரு வைக்கிறா? உங்களுக்கு உங்க மேல கோபம். அதை ஏன் எங்க மேல காட்டுறீங்க?"

"போ. போய் அவன் காலையும் குடுத்துட்டு வா" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

பேசவில்லை. அவளும்தான். பேரன் மட்டும் இரண்டு கட்சியிலும் இருக்கிறான்.

மார்ச் 22, சனி

ஷூட்டிங் போன மகள் மத்தியானத்துக்கு முன்பே திரும்பிவிட்டாள். நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நன்றாகத்தான் கவனித்தார்களாம். ஏசி அறை, பொம்மைகள். ஷாட் என்றதும் அந்தப் பெண் இவளைப் பக்கத்து அறையில் காபி குடிக்கச் சொன்னதாம். உங்களைப் பார்த்தால் சிரிப்பான், அழமாட்டான் என்றதாம். அப்படியென்றால் எப்படி அழுவான் என்று இவள் கேட்டிருக்கிறாள். ஒன்றும் செய்யமாட்டோம், கொஞ்ச நேரம் பால் கொடுக்காமல் வைத்திருப்போம் என்று பதில். பையனைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுதுப்பா. கெட்டவ மாதிரியே இல்ல."

பையனை என் மடியில் வைத்தாள். பிறகு, "அன்னிக்கு நீங்க லாரியை எடுத்தப்போ நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாள்.

"கையை ஆட்டினே" என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நிகழ்ச்சி வந்தது. ரயிலடி, மழை, ஒரு குழந்தை. எங்கள் குழந்தை இல்லை, வேறு ஒன்று. மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அழுகிறது. பின்னால் வயலின் வேறு. நாங்கள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைத்தோமே, எவ்வளவு முட்டாள்கள்!

மனைவி அணைக்கச் சொன்னாள். மகள் வேண்டாம் என்றாள். "இது யாரு வீட்டுக் குழந்தை?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். அந்தக் கோபம் எனக்குத் தெரிந்த கோபம்.

ஏப்ரல் 7, திங்கள்

அந்த டிவிக்கு வேன் ஓட்டுகிறவன் என் பழைய சிநேகிதன். அவனிடம் விசாரித்தேன். குழந்தை அங்கே லைட் தூக்குகிற ஒருவருடையதாம். நம்பர் கொடுத்தான்.

சாயங்காலம் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் செய்தேன். நேற்றைய நிகழ்ச்சியைப் பற்றி என்றதுமே அவர் குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"பார்த்தீங்களா சார்? நம்ம பாப்பாதான் சார். எங்க தெருவே அழுதுடுச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

"தம்பி, பாப்பா அழுதப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"ஒயர் பத்தலன்னு வாங்கிட்டு வரச் சொன்னாங்க சார். வந்து பார்த்தா ஷாட் ஓகே ஆயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஏன் சார்?"

"வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா? போனைக் குடுங்க. என் பொண்ணு பேசணும்."