மேயரை யார் இறக்குவது

11 மார்ச் 2001, ஞாயிறு
ஆராதனை முடிந்து தேநீர் மேசையிலேயே மனுவை வைத்தேன். ஊரில் நூற்றுக்கு ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் மேயர் முறை வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும். இதுவரை கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒரு தலைவரை வைத்துக்கொண்டார்கள். அதில் ஜெயித்தால் இனி மேயரை நாமே நேராகத் தேர்ந்தெடுக்கலாம், முடிவெடுக்கும் அதிகாரம் அவர் கையில்.

ஹெர்பர்ட் ஓல்ட்ராய்டு பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா எனிட், அந்த ஆளு சரியில்லன்னா யாரு எறக்குறது?"

"கவுன்சிலர்கள் கூடி எறக்கிடலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் போட்டார், வரிசையாக முப்பத்தொரு பேர் போட்டார்கள்.

6 அக்டோபர், சனி
பன்னிரண்டு நாளில் வாக்கெடுப்பு. நூலகத்தில் சட்டப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பிரிவாகப் படித்தேன். இறக்க முடியாது. பதவிக்காலம் முடியும்வரை கவுன்சிலர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் முடியாது.

அன்று எனக்கு அது தெரியாது. தெரியாது என்று ஏன் சொல்லவில்லை? பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். ஆனாலும் ஆலயத்தில் சட்டம், ஓய்வூதியம், மருந்துச்சீட்டு என எதற்கும் என்னிடம்தான் வருவார்கள். அது பிடித்திருந்தது. அதுதான்.

7 அக்டோபர், ஞாயிறு
அறுப்பின் பண்டிகை. பூசணியும் டப்பா மீனும் பீடத்தடியில் குவிந்திருந்தன, எல்லோருக்கும் நல்ல மனநிலை. ஹெர்பர்ட் இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பயப்படாதீங்க, சரியில்லன்னா எறக்கிடலாம். எனிட் பார்த்துட்டா."

பக்கத்தில்தான் நின்றேன். கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

14 அக்டோபர், ஞாயிறு
இன்றும் சொல்லவில்லை.

19 அக்டோபர், வெள்ளி
அறுபத்தெட்டு ஓட்டு வித்தியாசத்தில் மேயர் முறை வந்துவிட்டது. எங்கள் ஆலயத்தில் மட்டும் எண்பது பேருக்கு மேல் அதற்கு ஓட்டுப் போட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் கிளிஃப், "ஜெயிச்சிட்டே, இப்படி உம்முன்னு இருக்கியே" என்றார். தலைவலி என்றேன். அதுவும் பொய்.

3 மே 2002, வெள்ளி
மேயர் பதவிக்கு ஒரு மரச்சாமான் வியாபாரி ஜெயித்திருக்கிறார். நல்ல மனிதராக இருக்கட்டும் என்று முழங்காலில் நின்று கேட்டேன். யாருக்காகக் கேட்டேன்? ஊருக்காகவா, எனக்காகவா?

11 பிப்ரவரி 2003, செவ்வாய்
முதியோர் பகல் இல்லத்தை மூட மேயர் உத்தரவிட்டுவிட்டார். ஹெர்பர்ட்டின் மனைவி மேவிஸுக்கு ஞாபகம் போய் மூன்று வருஷம். செவ்வாயும் வெள்ளியும் அவள் அங்கே இருக்கும் நேரத்தில்தான் அவர் தூங்குவார்.

காலையில் வந்து தொப்பியோடு சமையலறையில் உட்கார்ந்தார்.

"சரி, இப்ப அவனை எறக்கணும். நீதானே சொன்னே. யாருக்கு எழுதணும்?"

"முடியாது ஹெர்பர்ட்."

"ஏன், சட்டத்தை மாத்திட்டாங்களா?"

பாவம், அவரே வழி எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கர்த்தாவே, வந்துவிட்டது.

"இல்ல. அன்னைக்கும் இதே சட்டம்தான். நான் தெரியாம சொல்லிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ஓட்டுக்கு முன்னாடியே."

"நான் எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா" என்றார். தேநீரைத் தொடவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு
அறிவிப்புகள் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார். வெளியே வந்ததும் ஆலயத் தோழி ஜாய்ஸ் கையைப் பிடித்து, "நீ நடுங்குன நடுக்கத்துல கிளிஃப்புக்குத்தான் என்னவோன்னு பயந்துட்டேன். இதுக்கா?" என்று சிரித்தாள்.

இதுக்குத்தான் ஜாய்ஸ்.

ஓல்ட்ராய்டு தம்பதி வரவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்
ஹெர்பர்ட்டுக்கு ஒரு சீட்டு எழுதி அவர் வீட்டுக் கதவின் தபால் துளை வழியே போட்டேன். இல்லம் மூடிய பிறகு செவ்வாயும் வெள்ளியும் மேவிஸ் என்னிடம் இருக்கட்டும், பத்திலிருந்து நாலு வரை. மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. அதை எழுதினால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு.

28 பிப்ரவரி, வெள்ளி
இன்றோடு இல்லம் மூடியது. பதில் இல்லை.

1 ஏப்ரல், செவ்வாய்
சரியாகப் பத்துக்குக் கதவு தட்டும் சத்தம். மேவிஸ் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றாள். ஹெர்பர்ட்டின் முகம் பாதியாகிவிட்டது, சவரம் செய்து எத்தனை நாளோ. படி ஏறவில்லை. அவளுடைய வீட்டுச் செருப்புப் பையை நீட்டினார். தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, தனியாகக் கழிப்பறைக்கு விடக்கூடாது, கதவைத் தாழ் போட்டுவைக்கவும் என்று சொன்னார். உள்ளே வந்து ஒரு நிமிஷம் உட்காருங்கள் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நாலு மணிக்கு வர்றேன், மிஸஸ் பிரையர்லி."

இருபது வருஷப் பழக்கத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வாசலைச் சாத்திவிட்டு மேவிஸின் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினேன்.