கோடு விலகிய கண்ணாடி

அப்பாவுக்கு, உங்கள் சின்னவள் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பிட்ட பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் பட்டறையில் ஒரு சின்ன விஷயம். ஃபோனில் சொன்னால் பயந்துவிடுவீர்கள் என்று எழுதுகிறேன். குளியலறைக் கண்ணாடி ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன். கட்டர் சக்கரத்தால் கோடு இழுக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது. பாதியில் உங்கள் ஃபோன் வந்தது, கை தானாக நின்றுவிட்டது. மிச்சக் கோட்டை இழுத்து, இடுக்கியால் அழுத்தி ஒடித்தேன். கண்ணாடி கோட்டை விட்டு விலகி உடைந்து, இடது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. தையல் போட்டிருக்கிறார்கள். வலி இல்லை.

"ஃபோனைப் பெட்டியில வச்சிட்டு வேலைக்கு வாம்மா" என்றார் மேஸ்திரி.

"அப்பா கூப்பிட்டா?" என்றேன்.

மறுநாள் பார்த்தால், என் மேஜையோரம் அவரே ஆணி அடித்து ஒரு துணிப்பை மாட்டியிருந்தார். "இதுல போடு. அடிச்சா முதல்ல கட்டரைக் கீழ வை, அப்புறம் பேசு."

அதனால் நீங்கள் பாட்டுக்குக் கூப்பிடுங்கள். எடுக்கத் தாமதமானால் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்று கொடுத்தனுப்புங்கள். கண்ணாடி துடைக்க இங்கே நல்ல துணி இல்லை. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்